உறைந்த ரைன் நதி மேசைமேல்: பிற்கால ரோம நாவலிலிருந்து மினியேச்சர் போர் விளையாட்டு அமைக்க முழுமையான வழிகாட்டி

ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தைச் சொல்லும் சரித்திர நாவல்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். ஆள் பற்றாத எல்லைப் படை, சம்பளம் வந்து மாதங்கள் ஆன வீரர்கள், தலைநகரிலிருந்து பதில் வராத கடிதங்கள், ஆற்றின் அக்கரையில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் அடுப்பு வெளிச்சங்கள். படித்து முடித்ததும் அந்தத் தளபதியின் இடத்தில் நாமே நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றும். மினியேச்சர் போர் விளையாட்டு அதற்கான வழி. சிறு உருவங்களுக்கு வண்ணம் பூசி, ஒரு மேசையில் நிலத்தை அமைத்து, பகடையும் அளவுநாடாவும் வைத்து இரண்டு பேர் விளையாடுவது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு, கி.பி. 406 டிசம்பர் 31 அன்று வாண்டல், ஆலன், சுவேபி என்ற மூன்று இன மக்கள் ரோமின் எல்லையாக இருந்த ரைன் நதியைக் கடந்தது. உங்களுக்குப் பிடித்த நாவல் வேறு போரைப் பற்றியதாக இருந்தாலும் இதே படிகள் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவல் பெரும்பாலும் ஒரு கரையிலிருந்து மட்டுமே பார்க்கும். மேசையில் எதிர்ப்பக்கமும் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் ஒரு கதை, ஒரு கவலை, தோற்கக்கூடிய ஏதோ ஒன்று வேண்டும். அது இல்லாத விளையாட்டு இரண்டாம் முறை யாரையும் மேசைக்கு இழுக்காது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

படி 1: உருவங்கள் வாங்கும் முன் கேள்வியைப் பிடியுங்கள்

பெரும்பாலானோர் அழகான பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் என்ன விளையாடுவது என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். நாவலில் உங்களை உலுக்கிய அத்தியாயத்தை மறுபடி எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். தளபதி எந்த இடத்தில் தயங்குகிறார்? எதைக் கைவிட்டு எதைக் காப்பாற்றுகிறார்? நேரம் யாருக்குச் சாதகம்? விளையாடுபவரும் அந்தத் தயக்கத்தை அனுபவிக்க வேண்டும்.

ரைன் கரையில் கேள்வி இதுதான்: உதவி வராது என்று தெரிந்த காவல்படை எவ்வளவு நேரம் தடுத்து நிற்கலாம், எப்போது பின்வாங்கி ஆட்களைக் காப்பாற்ற வேண்டும்? அக்கரையில் இருப்பவருக்கு வேறு கேள்வி: குடும்பங்களையும் வண்டிகளையும் விடியலுக்கு முன் எப்படிக் கொண்டுசேர்ப்பது? இரண்டு கேள்விகளும் ஒரே பனிக்கட்டிமேல் மோதுகின்றன. இனி இவர்களைக் காப்பவர், கடப்பவர் என்றே சொல்கிறேன்.

படி 2: நாவலையும் வரலாற்றையும் பிரித்துப் பாருங்கள்

நாவலாசிரியர் இடைவெளிகளை நிரப்பியிருப்பார். அது அவர் வேலை. எது பதிவு, எது நிரப்பல் என்று தெரிந்தால் எங்கே உங்களுக்குச் சுதந்திரம் உண்டு என்பது புரியும்.

406-க்கு நமக்குக் கிடைத்த சான்றுகள் கொஞ்சம்தான். நாளைக் குறித்தவர் 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றுக் குறிப்பாளர் அக்விட்டேனியாவின் புரோஸ்பர். 405-ஆக இருக்கலாம் என்று வாதிடும் இன்றைய ஆய்வாளர்களும் உண்டு. மொகொன்டியாகும் (இன்றைய மைன்ஸ்) பிடிபட்டு அழிந்ததையும், தேவாலயத்திலேயே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதையும், வோர்ம்ஸ் நீண்ட முற்றுகைக்குப் பின் வீழ்ந்ததையும் அக்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். கடப்பதற்கு முன்பாக இருக்கலாம், ஃப்ராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தவரோடு நடந்த சண்டையில் வாண்டல் அரசன் கோடிகிசெல் இறந்ததும், ரெஸ்பெண்டியால் தலைமையில் வந்த ஆலன்கள் வாண்டல்களைக் காப்பாற்றியதும் 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் துர் நகர கிரெகோரி மேற்கோள் காட்டும் ஒரு பழைய நூலிலிருந்து தெரிகிறது. அப்போது ஃப்ராங்குகள் ரோமின் கூட்டாளிகளாக நின்று சண்டையிட்டார்கள் என்பது விளையாட்டுக்கு முக்கியமான செய்தி. உங்கள் காவல்படையில் ஒரு ஃப்ராங்குப் பிரிவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது.

நதி உறைந்திருந்தது என்று எந்தப் பழைய சான்றும் சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் அனேகமாக உறைந்திருக்கும் என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் படிமம் எல்லோர் மனத்திலும் ஒட்டிக்கொண்டது. மைன்ஸில் கல் தூண்கள்மேல் மரத்தளம் போட்ட ரோமப் பாலம் ஒன்று இருந்தது. அதன் வழியாகவே வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஆனால் பனியைக் கைவிட வேண்டியதில்லை. 378 பிப்ரவரியில் ஜெர்மானியரான அலமன்னிகளில் லென்டியென்செஸ் என்ற பிரிவினர் உறைந்த ரைனைக் கடந்ததை ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் பதிவு செய்திருக்கிறார். நடக்கக்கூடியதுதான், அந்த இரவில் நடந்ததா என்பதுதான் தெரியாது. எனவே துணிந்து பனியை வையுங்கள்.

காவல் ஏன் மெலிந்திருந்தது என்பதற்கும் பதில் உண்டு. கோத் தலைவன் அலாரிக் இத்தாலிக்குள் நுழைந்தபோது, 401–402 குளிர்காலத்தில், ரோமத் தளபதி ஸ்டிலிகோ ரைன் படைகளை அங்கே அழைத்துக்கொண்டார். எல்லையில் மிஞ்சியவர்கள் கோட்டைகளில் நிலையாக இருந்த லிமிடானேய் வீரர்கள். மொகொன்டியாகும் துக்ஸ் என்ற தளபதியின் கீழ் எந்தப் பிரிவு எந்த ஊரில் இருந்தது என்று நோட்டீஷியா டிக்னிடாடும் என்ற அரசு ஆவணம் பட்டியலிடுகிறது: மைன்ஸில் ஆர்மிகெரி, போப்பார்டில் பலிஸ்டாரி, ஷ்பையரில் விண்டிசெஸ், இப்படி. கற்பனைப் பெயர்களைவிட இவை உங்கள் பிரிவுகளுக்கு ஆயிரம் மடங்கு உயிர் கொடுக்கும்.

படி 3: அளவு, எண்ணிக்கை, விதிநூல்

உருவத்தின் உயரத்தை வைத்துச் சொல்லும் பரவலான அளவுகள் 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ., அப்புறம் 1/72 பிளாஸ்டிக். நாவலிலிருந்து வருபவர்களுக்கு 28-தான் என் சிபாரிசு. முகம் தெரிய வேண்டும். தளபதிக்கு ஒரு பெயர் வைத்துப் பூச வேண்டும். பட்ஜெட் இறுக்கமென்றால் 1/72 நல்ல மாற்று. ஆயிரக்கணக்கானோர் மோதும் அட்ரியனோப்பிள் போன்ற பெரும் போருக்கு 6 மி.மீ.

28 மி.மீ.யில் கிரிப்பிங் பீஸ்ட் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டிகளில் பிற்கால ரோமர்கள் கிடைப்பார்கள். அவர்களின் கோத் வீரர்களை வாண்டல்களாகவும் சுவேபிகளாகவும் தாராளமாகப் பயன்படுத்தலாம், உடையில் பெரிய வேறுபாடு இல்லை. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: பட்டைபட்டையான இரும்புக் கவசமும் நீள்சதுர வளைந்த கேடயமும் கொண்ட ரோமர்களை எடுத்துவிடாதீர்கள். அவை முந்தைய நூற்றாண்டுகளுக்குரியவை. உங்களுக்கு வேண்டியது முட்டை வடிவ அல்லது வட்டக் கேடயம், நடுவில் மேடு ஓடும் தலைக்கவசம், நீண்ட ஸ்பாத்தா வாள், ஈட்டி, முழுக்கை அங்கி, கால்சட்டை.

விதிநூலாக லயன் ராம்பன்ட் போன்ற எளிமையான ஒன்று போதும். இடைக்காலத்துக்காக எழுதப்பட்டது என்றாலும் இந்தக் காலத்துக்கும் சுலபமாகப் பொருந்துகிறது. அதில் ஒவ்வொரு பிரிவையும் நகர்த்த இரண்டு பகடை உருட்ட வேண்டும். தவறினால் முறை எதிராளிக்குப் போய்விடும். கட்டளை சொன்னாலும் ஆட்கள் நகராத அந்தத் தவிப்பு, நாவலின் மனநிலைக்கு அப்படியே பொருந்தும். மேசை இடம் குறைவென்றால் ஒரு பக்கத்துக்கு உருவங்கள் ஒட்டிய 12 தட்டுகள் மட்டும் கொண்ட டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்ற விதிநூல் நல்லது. ரோமுக்குப் பிந்தைய பிரிட்டனைப் பற்றிய நாவல் என்றால் டக்ஸ் பிரிட்டானியாரும் என்ற விதிநூலையும் பாருங்கள். அதில் தலைவர்கள் ஒரு போரிலிருந்து அடுத்த போருக்குத் தொடர்ந்து வளர்கிறார்கள்.

நமது விளையாட்டுக்கு நான் போட்ட படைகள் இவை. காப்பவருக்கு 7 பிரிவுகள்: லிமிடானேய் காலாட்கள் 3, வில்லாளர் 1, ஃப்ராங்குக் கூட்டாளிகள் 1, குதிரைப்படை 1, பலிஸ்டா எறியந்திரம் 1. கடப்பவருக்கு 9 பிரிவுகள்: வாண்டல், சுவேபி காலாட்கள் 5, ஈட்டி எறியும் இளைஞர்கள் 1, ஆலன் குதிரைப்படை 3, கூடவே 6 வண்டிகள். காலாட் பிரிவுக்கு 12 பேர், குதிரைப் பிரிவுக்கு 6 பேர். மொத்தம் 150-க்கு மேல் வரும். முதல் முறை செய்பவர்கள் பிரிவுகளைப் பாதியாக்கி 6, 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி மாறாது, வேலை மட்டும் பாதியாகும்.

படி 4: வண்ணம்

இங்கே நேரம் செலவிடுங்கள். மேசையில் கண் முதலில் போவது இதில்தான்.

உருவங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சுக்கோடுகளைக் கத்தியால் சுரண்டி, அடித்தட்டில் ஒட்டி, சாம்பல் அல்லது வெள்ளை ப்ரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். ஸ்ப்ரே ப்ரைமரும் மேட் வார்னிஷும் ஈரக்காற்றில் வெண்மை படர்ந்து பாழாகும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஸ்ப்ரேயைத் தொடாமல், பிரஷ்ஷால் பூசும் ப்ரைமரையே பயன்படுத்துங்கள்.

ரோம வீரன் என்றதும் சிவப்பு அங்கிக்குக் கை தானாகப் போகும். கையைத் தடுங்கள். சிசிலியில் பியாத்ஸா அர்மெரினா மாளிகையின் 4-ஆம் நூற்றாண்டு மொசைக் படங்களைப் பாருங்கள்: வெளிறிய அங்கி, தோளிலும் தொடைப் பக்கத்திலும் ஊதா நிற வட்டங்கள், மணிக்கட்டில் பட்டைகள். ஆகவே பெரும்பாலானவர்களுக்குச் சாயமிடாத கம்பளியின் வெண்பழுப்பு, சிலருக்கு மங்கிய சிவப்பு அல்லது பச்சை. மேலங்கிக்கு மஞ்சள் கலந்த பழுப்பு. வட்டங்களை மெல்லிய பிரஷ்ஷால் போடுங்கள். ஒவ்வொரு உருவத்திலும் இரண்டு புள்ளி விழுந்தாலே போதும், அந்தக் காலம் வந்துவிடும்.

வரிசை இப்படி: அடிப்படை நிறங்கள், பிறகு தண்ணீர் போன்ற பழுப்பு வாஷ் முழுவதும், காய்ந்ததும் மடிப்புகளின் மேட்டில் அடிப்படை நிறத்தையே மறுபடி ஒரு தடவை. தோலுக்கும் இதே. இரும்புக்கு வெள்ளி பூசி, கறுப்பு வாஷ். அதிகாரிகளின் தலைக்கவசத்தைத் தங்க நிறமாக்கலாம். நெதர்லாந்தின் டோர்னே பகுதிச் சதுப்பில் 1910-இல் கிடைத்த தலைக்கவசம் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு போர்த்தியது. எனவே இது கற்பனை ஆடம்பரம் இல்லை.

கேடயங்களைப் பற்றி ஒரு வரி கூடுதலாகவே சொல்ல வேண்டும். நோட்டீஷியாவில் கேடய ஓவியங்கள் பக்கம் பக்கமாக உண்டு, அவற்றின் டெக்கல் ஒட்டிகளும் விற்கப்படுகின்றன. ஆனால் அந்த ஓவியங்கள் களப்படைப் பிரிவுகளுக்கு உரியவை. எல்லைத் தளபதிகளின் பக்கங்களில் கோட்டைகளின் படங்கள்தான் இருக்கும். மேலும் நம் கையில் இருப்பவை 15-ஆம் நூற்றாண்டு முதல் எடுக்கப்பட்ட பிரதிகள். அவற்றுக்குள்ளேயே நிறங்கள் மாறுபடுகின்றன. அதனால் உங்கள் லிமிடானேய்க்கு எந்த வடிவத்தையும் நீங்களே தீர்மானிக்கலாம். ஒரு பிரிவுக்கு ஒரே நிறம், ஒரே எளிய வடிவம் என்று வையுங்கள். மேசையில் பிரிவைச் சட்டென்று அடையாளம் காண அது உதவும். சில கேடயங்களில் வண்ணத்தை உரித்தெடுத்து, மரத்தைக் காட்டுங்கள். பணம் வராத படையின் கேடயம் பளபளக்காது.

கடப்பவர்களுக்கும் இதே அக்கறை வேண்டும். அவர்களை ஒரே பழுப்புக் கும்பலாகப் பூசிவிடுவது அநியாயம். கட்டம் போட்ட கம்பளி, நீலம், கடுகு மஞ்சள், எல்லையில் வாங்கிய அல்லது பறித்த ரோமக் கச்சைகள் எல்லாம் வரட்டும். ஆலன் குதிரைவீரர்கள் புல்வெளி நாடோடிகள். நீண்ட ஈட்டி, கூர்த்தொப்பி, நல்ல குதிரைகள். வண்டிகளின்மேல் கூடாரத் துணி, பானை, ஒரு குழந்தை உருவம் கிடைத்தால் அதையும் வையுங்கள். காப்பவர் பலிஸ்டாவைக் குறிவைக்கும்போது அவருக்கு அது தெரிய வேண்டும்.

படி 5: நதியும் கரையும்

மேசை 180 × 120 செ.மீ. ஓரத்திலிருந்து 30 செ.மீ. வலக்கரை, அடுத்த 30 செ.மீ. நதி, மீதி 60 செ.மீ. ரோமர்களின் இடக்கரை. இடக்கரையில் ஒரு காவல் கோபுரம், சிறு கோட்டை, தீப்பந்த மேடை, அப்பால் மேசை விளிம்புக்குப் போகும் சாலை.

பனிக்கட்டிக்கு: அட்டையில் கரும்பச்சை கலந்த நீலத்தைப் பூசி, அதன்மேல் ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டுங்கள். ஷீட்டின் மேற்புறத்தை உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்து, விரிசல்களை வெள்ளை வண்ணத்தில் மெல்லிய கோடுகளாக இழுத்தால் அடியில் தண்ணீர் ஓடுவதுபோல் தெரியும். கோபுரத்துக்குத் தெர்மாகோல் போதும், ஆனால் ஸ்ப்ரே பட்டால் அது கரைந்துபோகும். முதலில் ஃபெவிகால் கலந்த வண்ணத்தைப் பிரஷ்ஷால் பூசி மூடிவிடுங்கள். பனிக்குச் சமையல் சோடாவைப் பலர் சொல்வார்கள். நாளடைவில் அது மஞ்சளாகிவிடும். வெள்ளைக் கல் கோலப்பொடியை ஃபெவிகாலிலும் வெள்ளை வண்ணத்திலும் குழைத்துப் பூசுங்கள். எல்லா இடத்திலும் அப்பாமல், சேறும் புல்லும் தெரியவிடுங்கள்.

நதியில் சிறு காவல் படகு ஒன்று உறைந்து சிக்கியிருப்பதாக வைத்தால் அழகு. 1981–82-இல் மைன்ஸில் கட்டட வேலையின்போது கிடைத்த பிற்கால ரோமப் படகுகள் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உருவம் செய்ய அவையே மாதிரி.

படி 6: இந்தக் காட்சிக்கான விதிகள்

அடிப்படை நூலின் நகர்வும் சண்டையும் அப்படியே இருக்கட்டும். காலாட்களும் வண்டிகளும் 15 செ.மீ., குதிரை 25 செ.மீ.; பனிமேல் எல்லோருக்கும் பாதி. மொத்தம் 12 சுற்று. வண்டிகள் வலக்கரையில் நதியை ஒட்டித் தொடங்கும். தடையே இல்லாவிட்டாலும் ஒரு வண்டி வெளியேற 8 சுற்று ஆகும், ஆகவே கடப்பவருக்குத் தாமதிக்க நேரமில்லை.

பனி: நதியை நீளவாக்கில் 30 செ.மீ. கொண்ட 6 பகுதிகளாகப் பிரியுங்கள். 3 உறுதி, 2 மெலிவு, 1 விரிசல் என்று சீட்டு எழுதிக் கலக்கி, பகுதிக்கு ஒன்றாகக் கவிழ்த்து வையுங்கள். முதல் பிரிவு காலை வைத்ததும் திருப்ப வேண்டும். மெலிவில் ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்டுங்கள்: காலாட்களுக்கு 1, குதிரைக்கும் வண்டிக்கும் 1 அல்லது 2 விழுந்தால் ஆபத்து. ஆபத்தென்றால் காலாட்களிலோ குதிரைகளிலோ இருவர் போவார்கள், வண்டி அந்தச் சுற்று சிக்கிக்கொள்ளும். விரிசலில் காலாட்களுக்கும் குதிரைக்கும் 1 முதல் 3 வரை ஆபத்து. வண்டி போகவே முடியாது. காப்பவரின் காலாட் பிரிவு ஒன்று கரையில் நின்று ஒரு சுற்று முழுவதும் கோடரியோடு வேலை செய்தால் அந்தப் பகுதி ஒரு படி மோசமாகும். அந்தச் சுற்றில் அவர்கள் வேறெதுவும் செய்ய முடியாது. ஆட்களைச் சண்டைக்கு வைப்பதா, பனியை உடைக்க அனுப்புவதா என்பதே காப்பவரின் முதல் தலைவலி.

இருட்டு: முதல் 4 சுற்றுகளில் 30 செ.மீ.க்கு மேல் எதையும் குறிவைக்க முடியாது. 5-ஆம் சுற்றில் விடியல்.

தீப்பந்தம்: மேடைக்கு அருகில் காப்பவரின் பிரிவு இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை முயலலாம், ஈர விறகு, 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். எரிந்ததும் ஒரு குதிரைவீரனைத் தூதனாகச் சாலை வழியே வெளியேற்றலாம்.

பிளம்பாட்டா: கேடயத்தின் உட்புறத்தில் ஐந்தைந்தாகச் செருகியிருக்கும் ஈயக் கனமேற்றிய குத்தெறிகள் என்று ரோமப் போர்க்கலை நூலாசிரியர் வெகெடியுஸ் எழுதுகிறார். ரோமக் காலாட்கள் ஆட்டத்துக்கு இரண்டு முறை, 15 செ.மீ. தூரத்துக்குள், எதிரி மோதும் முன் எறியலாம்.

பாரிட்டுஸ்: முணுமுணுப்பில் தொடங்கிப் பெரும் இரைச்சலாக உயரும் போர்க்குரல். ஜெர்மானியரிடமிருந்து ரோமப் படைக்குள் வந்தது. ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, துணிவுச் சோதனையில் தோற்ற ஒரு பிரிவுக்கு மறுபடி உருட்டும் வாய்ப்பு. எழுந்து நின்று உண்மையாகவே குரல் எழுப்பச் சொல்லுங்கள், மேசை சூடாகும்.

ரெஸ்பெண்டியால்: ஆலன் பிரிவுகளில் இரண்டைத் தொடக்கத்தில் மேசைக்கு வெளியே வையுங்கள். 3-ஆம் சுற்றிலிருந்து 5-க்கு மேல் விழுந்தால் கடப்பவர் விரும்பும் ஆற்றுப் பகுதிக்கு எதிரே வருவார்கள். எங்கே வருவார்கள் என்று தெரியாததால் காப்பவர் படையை ஒரே இடத்தில் குவிக்க முடியாது.

புள்ளிகள்: சாலை வழியே வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்கும் கடப்பவருக்கு 2. பாதிக்கு மேல் ஆட்களோடு உயிர்தப்பும் ஒவ்வொரு பிரிவுக்கும் காப்பவருக்கு 1, தூதன் வெளியேறினால் 3. கொன்ற ஆட்களுக்குப் புள்ளியே இல்லை. காப்பவர் ஓரமாக நின்றால் 10-க்கு 12 என்று தோற்பார்; வீரமாகச் செத்தாலும் தோற்பார். இரண்டு மூன்று வண்டிகளைத் தடுத்து, படையைச் சிதறவிடாமல் விலக வேண்டும்.

படி 7: ஆட்ட நாள், அடுத்த ஆட்டங்கள்

தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் தலைவனுக்குப் பெயர் வைத்து, அவன் எதை இழக்க அஞ்சுகிறான் என்று ஒரே வரியில் சீட்டில் எழுதி, எதிராளிக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும் திறந்து படியுங்கள். அப்புறம் கரை மாற்றி மறுபடி விளையாடுங்கள். இரண்டு ஆட்டத்தின் கூட்டுப் புள்ளியை வைத்து வெற்றியைச் சொல்லுங்கள். விதிகள் ஒரு பக்கம் சாய்கின்றனவா என்பதும் அப்போதுதான் தெரியும். சாய்ந்தால் படைகளைத் தொடாதீர்கள். சீட்டுகளில் உறுதிப் பகுதியின் எண்ணிக்கையை ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள், பெரும்பாலும் அதுவே சரிசெய்துவிடும்.

தொடராக்க வேண்டுமென்றால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேருங்கள். முன்கதையாக 368: ராண்டோ என்ற அலமன்னித் தலைவன், காவல் இல்லாத மொகொன்டியாகுமுக்குள் கிறிஸ்தவத் திருவிழா நாளில் புகுந்து, ஆண்களையும் பெண்களையும் பிடித்துச் சென்றான். ஒரு பக்கத்துக்கு 20 உருவங்களோடு விளையாடக்கூடிய தெருச் சண்டை அது, முதலில் பூசிய உருவங்களை உடனே களத்தில் இறக்க ஏற்றது. பின்கதையாக 407: பிரிட்டன் படைகள் பேரரசனாக அறிவித்த மூன்றாம் கான்ஸ்டன்டைன் கடலைத் தாண்டி, இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் (Gaul) நாட்டுக்கு வருகிறான். ரைன் ஆட்டத்தில் தப்பிய பிரிவுகள் எத்தனையோ அத்தனையும் அவன் படையில் சேரலாம். தூதன் வெளியேறியிருந்தால் கான்ஸ்டன்டைனுக்கு ஒரு குதிரைப் பிரிவு கூடுதல். வெளியேறிய வண்டிகள் எத்தனையோ அத்தனை பிரிவுகள் எதிர்ப்பக்கத்தில் புத்துணர்ச்சியோடு நிற்கும்.